அந்த வரி ஏன் அங்கே இருந்தது? கிட்டில் பழைய மாற்றங்களைத் தேடிப் படிக்க முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் ஒரு பில்லிங் மென்பொருளில் வேலை செய்தேன். ரசீது அச்சடிக்கும் ஃபைலில் ‘ஸ்லீப்(0.3)’ என்று ஒரு வரி இருந்தது. பிரிண்டருக்குக் கொஞ்சம் அனுப்பிவிட்டு 0.3 நொடி சும்மா நிற்கும், பிறகு மீதியை அனுப்பும். பக்கத்தில் விளக்கம் எதுவும் இல்லை. அச்சு வேகமாகட்டும் என்று நீக்கினேன். டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆனது. மூன்று வாரம் கழித்து ஒரு மளிகைக் கடையிலிருந்து போன் வந்தது. நீளமான பில் பாதியிலேயே நின்றுபோகிறது, மீதிப் பொருள்கள் அச்சில் வருவதில்லை என்றார்கள். பண்டிகைக் கூட்டத்தை வைத்துக்கொண்டு கடைக்காரர் கையால் பில் எழுதிக்கொண்டிருந்தார்.

அந்த வரி ஏன் வந்தது என்பது ரெப்போவுக்குள்ளேயே, அதாவது கோடையும் அதன் மாற்ற வரலாற்றையும் கிட் என்ற மென்பொருள் சேர்த்து வைக்கும் களஞ்சியத்திலேயே, எழுதிக் கிடந்தது. எனக்குத் தேடத் தெரியவில்லை. கோட் என்ன செய்கிறது என்பதைக் கோடைப் படித்தே தெரிந்துகொள்ளலாம். ஏன் அப்படிச் செய்கிறது என்பதைப் பெரும்பாலும் வரலாறுதான் சொல்லும். அந்த ‘ஏன்’ஐக் கண்டுபிடிக்க நான் இன்று எந்த வரிசையில் தேடுகிறேனோ அதே வரிசையில் கீழே எழுதுகிறேன்.

தொடங்கும் முன்

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடங்களில் அங்கங்கே சொல்கிறேன். தனியாக நிற்கும் இரட்டைக் கோடு (--) வந்தால், அதற்குப் பின்னால் இருப்பது ஃபைல் பெயர் என்று பொருள்.

முதலில் உங்களிடம் முழு வரலாறும் இருக்கிறதா என்று பாருங்கள். வேகத்துக்காக ‘--டெப்த் 1’ போட்டு குளோன் (ரெப்போவை நகலெடுப்பது) செய்திருந்தால் கடைசி கமிட் (செய்தியோடு பதிந்து வைத்த ஒரு மாற்றம்) மட்டுமே கையில் இருக்கும். அதில் யார் எந்த வரியை எழுதினார் என்று கேட்டால் எல்லா வரியையும் ஒரே கமிட்டின் தலையில் கட்டிவிடும். சரிபார்க்க:

கிட் ரெவ்-பார்ஸ் --இஸ்-ஷாலோ-ரெப்பாசிட்டரி

‘ட்ரூ’ என்று வந்தால் இதை ஓட்டுங்கள்:

கிட் ஃபெட்ச் --அன்ஷாலோ

பழகிப் பார்க்க கிட்டின் சொந்த ரெப்போவையே குளோன் செய்யச் சொல்வேன். லினக்ஸ் கெர்னல் குழு மாற்றங்களைப் பதிய அதுவரை பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற கருவியின் இலவச உரிமம் 2005-இல் விலக்கப்பட்டபோது லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது கிட். அதன் முதல் கமிட் 2005 ஏப்ரல் 7 தேதியிட்டது. அதே ஆண்டு ஜூலையில் பொறுப்பு ஜூனியோ ஹமானோவிடம் போனது. இருபது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு, ஒவ்வொரு கமிட்டுக்கும் பொறுமையாக எழுதிய காரணம். நல்ல கமிட் செய்தி எப்படி இருக்கும் என்று கற்க இதைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியாது.

படி 1: லாகைச் சுருக்கிப் பாருங்கள்

வெறும் ‘கிட் லாக்’ பயனில்லை, வெள்ளம் போல் கொட்டும். நான் எப்போதும் இதில் தொடங்குவேன்:

கிட் லாக் --ஒன்லைன் --கிராஃப் -30

பிறகு தேவைக்கேற்ப வடிகட்டலாம். ‘--ஆதர்=பெயர்’ ஆளைப் பொறுத்து, ‘--கிரெப்=சொல்’ கமிட் செய்தியில் உள்ள சொல்லைப் பொறுத்து, ‘--சின்ஸ்’, ‘--அன்டில்’ தேதியைப் பொறுத்து. ஒரு ஃபைலைத் தொட்ட கமிட்கள் மட்டும் வேண்டுமென்றால்:

கிட் லாக் --ஒன்லைன் --ஃபாலோ -- பிரிண்டர்.பை

‘--ஃபாலோ’ இல்லாவிட்டால் ஃபைலுக்குப் பெயர் மாற்றிய நாளோடு வரலாறு முடிந்ததுபோல் தெரியும். பெயர் மாற்றத்தை கிட் எங்கும் பதிந்து வைப்பதில்லை. நீங்கள் கேட்கும்போதுதான் பழைய ஃபைலையும் புதிய ஃபைலையும் ஒப்பிட்டு, பாதிக்கு மேல் ஒத்துப்போனால் ‘இது அதுதான்’ என்று ஊகிக்கிறது. அதனால் பெயர் மாற்றமும் பெரிய திருத்தமும் ஒரே கமிட்டில் நடந்திருந்தால் இந்தத் தடம் அறுந்துபோகும்.

தேதியிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு கமிட்டுக்கும் இரண்டு தேதி: எழுதிய தேதி, கமிட் ஆன தேதி. ரீபேஸ் (கமிட்களை வேறொரு கமிட்டின் மேல் மறுபடி அடுக்குவது) செய்தால் இரண்டாவது மட்டும் மாறும். லாக் சாதாரணமாகக் காட்டுவது முதல் தேதி. ‘--சின்ஸ்’ வடிகட்டுவதோ இரண்டாவதை வைத்து. ‘போன மாசம்தானே எழுதினேன், இந்த வாரப் பட்டியலில் எப்படி வந்தது’ என்று குழம்பினால் ‘--ஃபார்மட்=ஃபுல்லர்’ போட்டு இரண்டையும் பாருங்கள்.

படி 2: ஒரு கமிட்டைத் திறந்து படிப்பது

கிட் ஷோ --ஸ்டாட் ஹேஷ்

முதலில் இது. ஹேஷ் என்பது ஒவ்வொரு கமிட்டுக்கும் உள்ள அடையாளக் குறி, அந்த இடத்தில் அதைத் தட்டுங்கள். எத்தனை ஃபைல், எதில் எவ்வளவு என்று தெரிந்துவிடும். பிறகு ‘--ஸ்டாட்’ எடுத்துவிட்டு முழு டிஃப் (கூட்டிய, கழித்த வரிகள்) பாருங்கள். என் பழக்கம், கமிட் செய்தியை முதலில், டெஸ்ட் ஃபைலில் வந்த மாற்றத்தை அடுத்து, கோடைக் கடைசியில் படிப்பது. எழுதியவர் எதைப் பார்த்து பயந்தார் என்பதை டெஸ்ட் காட்டிக்கொடுக்கும்.

இடைவெளி மாற்றங்கள் கண்ணை உறுத்தினால் ‘-டபிள்யூ’ சேருங்கள். நீளமான வரியில் ஒரே ஒரு சொல் மாறியிருந்தால் ‘--வேர்ட்-டிஃப்’. இடம் மாற்றிய கோடும் புதிதாக எழுதிய கோடும் கலந்திருந்தால் ‘--கலர்-மூவ்ட்’, இது நகர்ந்த வரிகளுக்கு வேறு நிறம் கொடுக்கும்.

அந்தக் கமிட் நேரத்தில் ஒரு ஃபைல் முழுதாக எப்படி இருந்தது என்று பார்க்க, பழைய நிலைக்குப் போய்த் திரும்பி வரத் தேவையில்லை. ஹேஷ், முக்காற்புள்ளி, ஃபைல் பெயர் போதும். கிட் ரெப்போவில் இதை ஓட்டிப் பாருங்கள். ரீட்மீ முழுதும் பெரிய எழுத்தில் இருக்கட்டும்:

கிட் ஷோ இ83சி5163:ரீட்மீ

கிட்டின் முதல் நாள் அறிமுகக் குறிப்பு அப்படியே வரும்.

தனித்தனியாக வளர்ந்த இரு கிளைகளை ஒன்றாக்கும் மெர்ஜ் கமிட்டில் கவனம் தேவை. ‘கிட் ஷோ’ மெர்ஜைக் காட்டும்போது இரு பக்கத்திலிருந்தும் வேறுபடும் பகுதிகளை மட்டும்தான் காட்டும். பெரும்பாலும் எதுவுமே வராது. ‘கிட் லாக் -பி’ மெர்ஜுக்கு டிஃப் காட்டுவதே இல்லை. கான்ஃப்ளிக்டை, அதாவது இரு பக்கமும் ஒரே இடத்தை மாற்றியதால் வரும் மோதலை, தீர்க்கிற அவசரத்தில் ஒருவர் ஒரு வரியைத் தவறவிட்டால், அது இப்படித்தான் பார்வைக்குத் தப்பும். மெயின் கிளைக்கு அந்த மெர்ஜ் என்ன கொண்டுவந்தது என்று பார்க்க ‘கிட் ஷோ --ஃபர்ஸ்ட்-பேரன்ட் ஹேஷ்’. கான்ஃப்ளிக்டைக் கையால் எப்படித் தீர்த்தார்கள் என்று மட்டும் பார்க்க ‘கிட் ஷோ --ரீமெர்ஜ்-டிஃப் ஹேஷ்’. இது 2022-இல் வந்த 2.35 பதிப்பிலிருந்து இருக்கிறது.

படி 3: இந்த வரி எப்போது வந்தது?

கிட் பிளேம் -எல் 40,60 பிரிண்டர்.பை

(அந்த எல் பெரிய எழுத்து.) 40 முதல் 60 வரை ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்ட கமிட், ஆள், தேதி வரும். பிளேம் என்றால் பழி. இந்தப் பெயர் எனக்குப் பிடித்ததே இல்லை. சப்வெர்ஷன் என்ற பழைய கருவியில் இதே கட்டளையைப் ‘பிரெய்ஸ்’, அதாவது பாராட்டு, என்றும் தட்டலாம். யார் எழுதினார் என்று பார்த்தவுடன் நிறுத்திக்கொண்டால் பழி போடத்தான் உதவும். ஹேஷை எடுத்து ‘கிட் ஷோ’ செய்து, காரணத்தைப் படித்த பிறகுதான் தேடல் முடிகிறது.

பிளேம் காட்டுவது கடைசியாகத் தொட்டவரை. முதலில் எழுதியவரை அல்ல. யாரோ டேபை ஸ்பேஸாக மாற்றியிருந்தால் எல்லா வரியும் அவர் பெயரில் நிற்கும். அதைத் தாண்ட:

கிட் பிளேம் -டபிள்யூ -சி -சி -சி பிரிண்டர்.பை

(சி மூன்றும் பெரிய எழுத்து.) ‘-டபிள்யூ’ இடைவெளி மாற்றங்களைப் புறக்கணிக்கும். ஒரு ‘-சி’ போட்டால், அதே கமிட்டில் மாறிய வேறு ஃபைல்களிலிருந்து வந்த வரியா என்று தேடும். மூன்று போட்டால் எந்தக் கமிட்டிலும் எந்த ஃபைலிலிருந்தும் வந்ததா என்று தேடும். பெரிய ரெப்போவில் மெதுவாக ஓடும், காத்திருக்கலாம். ரீஃபேக்டரிங் (செயல் மாறாமல் கோடை மாற்றி அமைப்பது) நடந்த கோடில் உண்மையான பிறப்பிடத்தை இது பலமுறை எனக்குக் காட்டியிருக்கிறது.

ரெப்போ முழுவதையும் ஒரே நாளில் ஃபார்மட்டர் வைத்து ஒழுங்குபடுத்தியிருந்தால், அந்தக் கமிட்களின் முழு ஹேஷ்களை ஒரு ஃபைலில் எழுதி ‘--இக்னோர்-ரெவ்ஸ்-ஃபைல்’ மூலம் கொடுங்கள். 2019 ஆகஸ்ட்டில் வந்த 2.23 பதிப்பு இதைக் கொண்டுவந்தது. ஃபைலின் பெயர் ‘.கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ்’ என்று இருந்தால் கிட்ஹப்பும் தானாகப் படித்துக்கொள்ளும்.

இவ்வளவு செய்தும் கிடைத்த கமிட் உப்புச்சப்பில்லாத ஒன்றாக இருந்தால், அதற்கு முந்தைய நிலையிலிருந்து மறுபடி கேளுங்கள்:

கிட் பிளேம் ஹேஷ்^ -- பிரிண்டர்.பை

அந்தக் கூரைக்குறி ‘இதற்கு முந்தையது’ என்று சொல்கிறது. இப்படி ஒவ்வொரு படியாகப் பின்னால் போகலாம்.

படி 4: இல்லாமல் போன வரியைத் தேடுவது

என் ‘ஸ்லீப்’ வரிக்கு பிளேம் உதவவில்லை. பிளேம் இப்போது ஃபைலில் இருக்கும் வரிகளைப் பற்றித்தான் பேசும், நான்தான் அதை நீக்கிவிட்டேனே. இங்கேதான் கிட்டில் எனக்கு மிகவும் பிடித்த வசதி வருகிறது. இதைப் பிக்ஆக்ஸ், அதாவது கடப்பாரை போன்ற தோண்டும் கருவி, என்கிறார்கள்.

கிட் லாக் -எஸ்"ஸ்லீப்(" --ஒன்லைன் -- பிரிண்டர்.பை

(எஸ் பெரிய எழுத்து, அதை ஒட்டியே தேடும் சொல்.) அந்தச் சொல் ஃபைலில் எத்தனை முறை வருகிறது என்ற எண்ணிக்கையை மாற்றிய கமிட்கள் மட்டும் வரும். அதாவது பிறப்பும் இறப்பும். எனக்கு இரண்டு வந்தன. ஒன்று நான் நீக்கிய கமிட். மற்றது நான்கு வருடம் பழையது, செய்தியில் ‘அச்சு சரிசெய்யப்பட்டது’ என்று மட்டும் இருந்தது. அந்தக் கமிட்டைத் திறந்தால் வரி ‘ஸ்லீப்(0.1)’ என்று இருக்கிறது. நான் நீக்கியதோ 0.3. இடையில் யாரோ மாற்றியிருக்கிறார்கள், ஆனால் ‘ஸ்லீப்(’ என்ற சொல்லின் எண்ணிக்கை மாறவில்லை. அதனால் பெரிய எஸ் அதைக் காட்டவில்லை.

இதற்கு வேறு எழுத்து:

கிட் லாக் -ஜி"ஸ்லீப்\(" -பி -- பிரிண்டர்.பை

(ஜி பெரிய எழுத்து.) டிஃபில் கூட்டிய அல்லது கழித்த வரி எதிலாவது இந்த வடிவம் பொருந்தினால் போதும், காட்டிவிடும். இது ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது எழுத்து வடிவங்களைத் தேடும் குறியீடு. கிட் இங்கே அதன் விரிவான வகையைப் பயன்படுத்துகிறது. அதில் வெறும் அடைப்புக்குறி தொகுப்புக் குறியாகிப் பிழை தரும், முன்னால் சாய்கோடு போட்டால்தான் எழுத்தாகக் கொள்ளப்படும். ஆகவே மேலே உள்ளதில் அந்தச் சாய்கோட்டை விட்டுவிடாதீர்கள். நான் முதலில் அது இல்லாமல்தான் தட்டினேன், பிழைச் செய்தி வந்து திருத்தினேன். திருத்தியதும் மூன்றாவது கமிட் வெளியே வந்தது. அதன் செய்தியில் எல்லாம் இருந்தது: நாற்பது பொருளுக்கு மேல் போனால் அந்த மாடல் பிரிண்டரின் பஃபர் (தற்காலிக நினைவகம்) நிறைந்துவிடுகிறது, பிறகு வருவதையெல்லாம் விட்டுவிடுகிறது, 0.1 போதவில்லை, 0.3 வைத்து எண்பது பொருள் பில் சோதித்தாயிற்று. இந்த ஐந்து வரியை மூன்று வாரம் முன்பு படித்திருந்தால் அந்தக் கடைக்காரர் கையால் எழுதியிருக்க வேண்டாம்.

ஆக, எப்போது வந்தது, எப்போது போனது என்றால் பெரிய எஸ். இடையில் என்னவெல்லாம் ஆனது என்றால் பெரிய ஜி. எந்த ஃபைல் என்று தெரியாவிட்டால் கடைசிப் பகுதியை விட்டுவிட்டு ‘--ஆல்’ சேருங்கள், எல்லாக் கிளைகளிலும் தேடும். மெர்ஜுக்குள் நடந்த மாற்றம் இரண்டிலும் வராது என்பதால், எதுவும் கிடைக்காதபோது ‘-எம்’ சேர்த்து ஒருமுறை ஓட்டுங்கள்.

ஃபைலே காணாமல் போயிருந்தால் (டி பெரிய எழுத்து):

கிட் லாக் --டிஃப்-ஃபில்டர்=டி --ஸ்டாட் -- "*பிரிண்டர்*"

நீக்கிய கமிட் கிடைத்ததும் அதற்கு முந்தைய நிலையிலிருந்து ‘கிட் ஷோ ஹேஷ்^:ஃபைல்’ என்று மீட்டுப் படிக்கலாம்.

ஒரு வரியை நீக்குவது பெரிய திட்டங்களிலும் பெரிய விபத்தாகியிருக்கிறது. 2006-இல் டெபியன் லினக்ஸில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க மென்பொருள் தொகுப்பைப் பராமரித்தவர்கள், நினைவகச் சோதனைக் கருவி எச்சரிக்கை காட்டுகிறது என்று இரண்டு வரிகளை முடக்கினார்கள். அவற்றில் ஒன்றுதான் சாவிகளை உருவாக்கத் தேவையான தற்செயல் தன்மையைச் சேர்க்கும் வரி. அதன் பிறகு மிஞ்சியது பிராசஸ் எண் (ஓடும் நிரலுக்குக் கணினி கொடுக்கும் எண்) மட்டுமே. அதாவது ஒரே வகை, ஒரே அளவுள்ள சாவியில் 32,768-க்குள் அடங்கும் சாத்தியங்கள். 2008 மே 13 அன்று அறிவிக்கப்படும்வரை டெபியனிலும் உபுண்டுவிலும் உருவான சாவிகளை ஊகித்துவிடலாம் என்ற நிலை. அந்த வரி எதற்கு என்று அவர்கள் கேட்காமலும் இல்லை. கேட்டும் சரியான பதில் போய்ச் சேரவில்லை. வரிக்குப் பக்கத்திலேயே காரணம் இருப்பது எவ்வளவு முக்கியம் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

படி 5: ஒரு ஃபங்ஷனின் முழுக் கதை

கிட் லாக் -எல் :ரசீது_அச்சிடு:பிரிண்டர்.பை

(எல் பெரிய எழுத்து. முதல் முக்காற்புள்ளிக்குப் பின் ஃபங்ஷன் பெயர்.) அந்த ஃபங்ஷனைத் தொட்ட ஒவ்வொரு கமிட்டும், அந்தப் பகுதியின் டிஃப் மட்டும் எடுத்துக்கொண்டு வரும். புதிதாக ஒரு குழுவில் சேர்ந்தவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். ஃபங்ஷன் பெயர் சரியாகப் பிடிபடாவிட்டால் ‘40,60’ என்று வரி எண்ணைக் கொடுக்கலாம்.

படி 6: எந்த வரி என்றே தெரியாதபோது

சில நேரம் தேட ஒரு சொல்கூட கையில் இருக்காது. போன வெளியீட்டில் மாத அறிக்கையின் கூட்டுத்தொகை சரியாக வந்தது, இப்போது தப்பாக வருகிறது, நடுவில் ஆயிரம் கமிட். இதற்குப் பைசெக்ட்:

கிட் பைசெக்ட் ஸ்டார்ட்
கிட் பைசெக்ட் பேட்
கிட் பைசெக்ட் குட் வி2.3

வி2.3 என்பது சரியாக வேலை செய்த பழைய டேக், அதாவது ஒரு கமிட்டுக்கு வெளியீட்டின்போது வைத்த பெயர். உடனே கிட் நடுவில் உள்ள ஒரு கமிட்டுக்குக் கூட்டிப்போகும். ஓட்டிப் பார்த்து, சரியென்றால் ‘கிட் பைசெக்ட் குட்’, தப்பென்றால் ‘கிட் பைசெக்ட் பேட்’. ஒவ்வொரு பதிலிலும் பாதி கழிகிறது. 1,000 கமிட்டுக்கு ஏறக்குறைய 10 சோதனை. 10,000 என்றாலும் 14-க்குள் முடிந்துவிடும். அந்தக் கமிட்டில் பில்டே ஆகவில்லையென்றால் ‘கிட் பைசெக்ட் ஸ்கிப்’. ஊகத்தில் குட் என்றோ பேட் என்றோ சொல்லிவைக்காதீர்கள். ஒரு தப்பான பதில் போதும், சம்பந்தமே இல்லாத ஒருவரின் கமிட்டில் கொண்டுபோய் நிறுத்தும்.

சோதனையை ஒரு ஸ்கிரிப்டாக எழுத முடிந்தால் முழுவதையும் கிட்டிடமே விட்டுவிடலாம்:

கிட் பைசெக்ட் ரன் ../சோதி.எஸ்எச்

ஸ்கிரிப்ட் 0 திருப்பினால் சரி, 1 முதல் 127 வரை தப்பு, 125 மட்டும் ‘இதைத் தாண்டிப் போ’. ஸ்கிரிப்டை ரெப்போவில் கமிட் செய்யாமல் வெளியே வையுங்கள். இல்லாவிட்டால் பழைய கமிட்டுக்குப் போகும்போது அதுவும் காணாமல் போகும். எல்லாம் முடிந்ததும் மறக்காமல் ‘கிட் பைசெக்ட் ரீசெட்’.

பைசெக்ட் நன்றாக வேலை செய்ய கமிட்கள் சிறியதாக இருக்க வேண்டும். நாற்பது ஃபைலைத் தொட்ட ஒரே கமிட்டில் வந்து நின்றால், தேடல் அங்கிருந்து மறுபடி தொடங்குகிறது.

படி 7: இது எந்த வெளியீட்டில் போனது?

கிட் டேக் --கன்டெய்ன்ஸ் ஹேஷ்

அந்தக் கமிட் உள்ள டேக்குகள் எல்லாம் வரும். எந்தெந்தக் கடைகளில் அந்தப் பதிப்பு ஓடுகிறது என்று இதை வைத்துத்தான் பட்டியல் எடுத்தோம். எந்த மெர்ஜ் வழியாக மெயினுக்கு வந்தது என்று அறிய:

கிட் லாக் --மெர்ஜஸ் --ஆன்செஸ்ட்ரி-பாத் --ஒன்லைன் ஹேஷ்..மெயின்

பட்டியலின் அடிப்பகுதியைப் பாருங்கள். மெர்ஜ் செய்தியில் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) எண் இருந்தால் அங்கே போய் விவாதத்தைப் படியுங்கள். கமிட் செய்தியில் இல்லாத பாதிக் காரணம் அங்கே இருக்கும். ஸ்குவாஷ் செய்து (பல கமிட்களை ஒன்றாக்கி) மெர்ஜ் செய்யும் குழுக்களில் சின்னச் சின்ன கமிட்கள் மெயினில் இருக்காது என்பதால், அங்கே புல் ரிக்வெஸ்ட்தான் ஒரே தடயம்.

வரலாறு பேசாத இடங்கள்

லினக்ஸ் கெர்னலில் பழைய வரிகளுக்கு பிளேம் கேட்டால் பலவும் ஒரே கமிட்டில் போய் முட்டும்: 1டிஏ177இ4, 2005 ஏப்ரல் 16. அதற்கு முந்தைய வரலாற்றையும் சேர்த்தால் 3.2 ஜிபி ஆகும், இப்போதைக்கு வேண்டாம் என்று டோர்வால்ட்ஸ் அந்தக் கமிட் செய்தியிலேயே எழுதியிருக்கிறார். பழைய வரலாற்றைக் கொண்டுவராமல் வேறு கருவியிலிருந்து கிட்டுக்கு மாறிய ரெப்போக்களிலும் இப்படி ஒரு சுவர் இருக்கும். உங்கள் அலுவலகத்தில் பழைய சப்வெர்ஷன் சர்வர் இன்னும் எங்காவது ஓடிக்கொண்டிருந்தால் அதை அணைக்க விடாதீர்கள்.

ரீபேஸில் தொலைந்த கமிட்களை ‘கிட் ரெஃப்லாக்’ காட்டும். ஆனால் அது உங்கள் கணினியில் மட்டும்தான். கிளையிலிருந்து எட்ட முடியாமல் போன கமிட்களின் பதிவுக்கு இயல்பான ஆயுள் 30 நாள், மற்றவற்றுக்கு 90.

கமிட்டில் உள்ள பெயரையும் அப்படியே நம்பிவிட முடியாது. யாரும் யார் பெயரையும் செட்டிங்கில் போட்டு கமிட் செய்யலாம். கையொப்பம் இருக்கிறதா என்று ‘கிட் லாக் --ஷோ-சிக்னேச்சர்’ சொல்லும். ரெப்போவில் இருப்பதும் வெளியிடப்படுவதும் ஒன்றாகவே இருக்கும் என்றும் இல்லை. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் வெளிப்படுத்திய, எக்ஸ்இசட் என்ற ஃபைல் சுருக்கும் மென்பொருளின் பின்கதவில் (ரகசிய நுழைவழி), பில்டின்போது அதை இயக்கிவிடும் ஸ்கிரிப்ட் 5.6.0, 5.6.1 வெளியீட்டுத் தொகுப்புகளில் மட்டும் இருந்தது, கிட் வரலாற்றில் இல்லை. பாதுகாப்பு சார்ந்த தேடல் என்றால், வெளியிட்ட தொகுப்பை அவிழ்த்து அதே டேக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கண்டுபிடித்த பிறகு

பிரிண்டர் விஷயத்தில் ‘கிட் ரிவர்ட் ஹேஷ்’ கொடுத்து என் மாற்றத்தைத் திருப்பினேன். ரிவர்ட் தானாகவே ஒரு செய்தியை எழுதித் தரும், எந்தக் கமிட் திருப்பப்படுகிறது என்று மட்டும் அதில் இருக்கும். அதை அப்படியே விடாமல், 0.1 வந்த கமிட், 0.3 ஆன கமிட் இரண்டின் ஹேஷையும், கடையில் என்ன ஆனது என்பதையும், எண்பது பொருள் பில்லில் மறுபடி சோதித்ததையும் எழுதினேன். ‘ஸ்லீப்(0.3)’ வரிக்கு மேலே, பஃபர் நிறையும் பிரிண்டர் மாடலின் பெயரோடு இரண்டு வரிக் குறிப்பும் சேர்த்தேன். அன்று மாலையே அந்தக் கடைக்குப் புதிய பதிப்பு போனது. முதல் நீளமான பில் முழுதாக வரும்வரை போனை வைக்காமல் காத்திருந்தேன்.